ஜோல்மாப்பூ

பெயர் என்பது மற்றவர்கள் கூப்பிடுவதற்காக வைக்கப்படுவது. கூப்பிட ஆள் இல்லாமல் போனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நான் என் பெயரை வைத்துக்கொண்டு ஒரு பெரிய கோமாளித்தனம் செய்தேன். காரோடு என்னும் ஊரின் கடற்கரையில் அதைப் பற்றி இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

என் பெயர் ஜோல்மா. (திரும்ப வாசிக்க வேண்டாம், சரியாகத்தான் வாசித்தீர்கள்.)

கேரள எல்லைக்குள், பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் உள்ள எங்கள் ஊர்களில் பிள்ளைக்குப் பெயர் வைக்க அகராதி தேவையில்லை, ஒரு கத்தரிக்கோல் போதும். அப்பா பெயரில் ஒரு துண்டு வெட்டி, அம்மா பெயரில் ஒரு துண்டு வெட்டி, இரண்டையும் ஒட்டினால் பிள்ளையின் பெயர். எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் என்னோடு இருந்தவர்கள் வில்ஜா, றெஜ்லா, ஷிஜின், ஜெபிஷ். ஒன்றுக்கும் பொருள் கிடையாது. பொருள் கேட்பது மரியாதையும் கிடையாது. என் அப்பா ஜோஸ், அம்மா செல்மா. முன்னவரின் தலையும் பின்னவரின் வாலும் சேர்ந்து நான் ஆனேன்.

வில்ஜாக்கள் எங்கள் பஞ்சாயத்திலேயே மூன்று நான்கு பேர் உண்டு. ஜோல்மா நான் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் மலையாளம் எடுத்த டீச்சர் முதல் நாளே என்னை எழுப்பி நிறுத்தி, "மோள் நேபாளத்தீன்னாணோ?" என்று அன்பாகக் கேட்டார். "இல்ல டீச்சர், பாறசாலையாக்கும்" என்றேன். பிற்காலத்தில் இணையம் வந்தபோது ஆசையாக என் பெயரைத் தட்டிப் பார்த்தேன். "நீங்கள் தேடியது தோல்மாவா?" என்று அது திருப்பிக் கேட்டது. தோல்மா என்றால் திராட்சை இலையில் சோற்றை வைத்துச் சுருட்டும் ஒரு பலகாரமாம். இந்தப் பரந்த உலகத்தில் என் பெயருக்கு அதுதான் நெருங்கிய உறவு.

இதெல்லாம் சிரிக்கக்கூடிய சங்கதிகள். சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. நான் ஆறாம் வகுப்பில் இருக்கும்போது அப்பா வீட்டைவிட்டுப் போய், காரோடு பக்கம் கடற்கரையில் ஒரு வாடகை அறையில் தங்கிக்கொண்டார். அவர் படகு எஞ்சின் மெக்கானிக். வேறு குடும்பம், வேறு பெண் என்று ஒன்றும் கிடையாது. சண்டை எதற்கு என்று அம்மாவிடம் கேட்டால், "அங்க போய்க் கேளு" என்பாள். அப்பாவிடம் கேட்டால், "அங்கயே கேளு மக்கா" என்பார். இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்ன ஒரே பதில் அதுதான்.

அம்மா பாலராமபுரத்தில் ஒரு துணிக்கடையில் சேலை எடுத்துக் காட்டும் வேலைக்குப் போனாள். காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகு வீங்கிய காலோடு வருவாள். நான் கதவைத் திறந்து, பூட்டி, சோறு வடித்து, பிறகு மறுபடியும் கதவைத் திறந்து வளர்ந்தேன். வீட்டில் இரண்டு பேர் இருந்தோம், பேச்சு அரை ஆளுக்குக்கூட இல்லை.

அப்பா போன நாளிலிருந்து அம்மா என் பெயரைச் சொன்னதில்லை. அதை நான் கவனிக்கவே வெகுகாலம் ஆயிற்று. "எட்டி", "பிள்ளே", "மக்கா" என்று கூப்பிடுவாள், சில நாள் கையைத் தட்டுவாள். ஜோல்மா என்று சொல்ல வேண்டுமானால் முதலில் அவர் பெயரைத் தொட்டுவிட்டுத்தானே தன் பெயருக்கு வர வேண்டும், அது அவளால் முடியவில்லை. அப்பாவும் அப்படித்தான். எப்போதாவது போனில், "மக்கா, சொகம்தானே?" அதற்குமேல் அவருக்கும் பேச்சு வராது, எனக்கும் வராது. என் முழுப் பெயரைச் சொன்னவர்கள் பஞ்சாயத்து ஆபீஸிலும் வங்கியிலும் இருந்தவர்கள் மட்டும்தான்.

இந்த நிலையில் நான் எம்.ஏ. தமிழ் முடித்து, பாறசாலையில் ஒரு ட்யூட்டோரியலில் டீச்சரானேன். (ட்யூட்டோரியல் என்றால் ஓலைக்கூரைக்குக் கீழே நாலு பெஞ்சு போட்டு, கல்லூரி என்று பலகை மாட்டிய இடம்.) அங்கே ஆண்டு விழா வைத்தார்கள். என் பேச்சு 'பழம்பாட்டுகளில் பெண் பெயர்கள்'. அப்போது எனக்கு இருபத்துமூன்றோ இருபத்துநாலோ வயது, தமிழ்நாட்டில் விட்டுப்போன தமிழையெல்லாம் எல்லைக்கு இந்தப் பக்கம் நான் ஒருத்தி தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பதாக ஒரு நினைப்பு.

பழைய காதல் பாட்டுகளில் தலைவிக்குப் பெயரே கிடையாது, பெயர் சொல்லக் கூடாது என்பது விதி என்று ஆரம்பித்தேன். அவள் காத்திருப்பாள், அழுவாள், தோழியிடம் கோபப்படுவாள், கடலைப் பார்த்துப் பேசுவாள், ஆனால் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். இதைச் சொல்லும்போது என் குரல் தேவைக்குமேல் உயர்ந்துவிட்டது. கூட்டம் அதைத் தமிழ்ப்பற்று என்று எடுத்துக்கொண்டது. பிறகு வந்த காலங்களில் பெண்களுக்குப் பூவின் பெயர், ஆற்றின் பெயர், விளக்கின் பெயர் வந்ததைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பொருள் சொல்லி முடித்தேன். நல்ல கைதட்டல். அப்படியே இறங்கியிருக்க வேண்டும்.

எங்கள் பிரின்சிபல் சத்தியநேசன் சார் மைக்கைப் பிடித்தார். "டீச்சர் எல்லாருக்க பேருக்கும் அர்த்தம் சொன்னாங்க. டீச்சருக்க பேருக்கு அர்த்தம் என்ன, அது எந்தப் பாட்டில வருது, அதையும் சொன்னா நமக்கும் தெரிஞ்சிக்கலாமே?"

அவர் நல்ல மனதோடுதான் கேட்டார். கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. 'எங்க அப்பா ஜோஸ், அம்மா செல்மா, இரண்டு பேரும் சேர்ந்து வைத்த பெயர்' என்று சொல்லலாம். ஆனால் 'சேர்ந்து' என்ற சொல் என் வாயில் வர வேண்டுமே. பாறசாலையில் பாதிப் பேருக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியும்.

"அது ஒரு பூ" என்றேன்.

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "கடற்கரை மணலில் வளரும். ஒற்றையாகத்தான் பூக்கும். மணம் கிடையாது, அதனால் யாரும் பறிப்பதில்லை. அந்தி நேரத்தில் விரிந்து, ஆள் பார்ப்பதற்குள் மூடிக்கொள்ளும். காத்திருக்கும் தலைவி அதைப் பார்த்து, நீயும் என்னைப் போலத்தானா என்று கேட்பதாக ஒரு பழைய பாட்டு உண்டு."

பழந்தமிழில் ஜ என்ற எழுத்தே கிடையாது. இது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அது எனக்கே பாதி வழியில் ஞாபகம் வந்து, "அந்தக் காலத்தில் சோல்மை என்று இருந்தது, கப்பலில் வந்த வியாபாரிகள் வாயில் ஜோல்மா ஆகிவிட்டது" என்று ஒரு கப்பலையும் ஓட்டிவிட்டேன். முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த தலைமை விருந்தினர் கைதட்டலில் விழித்து, தன் உரையில், "சோல்மைப் பூவை நானும் படித்திருக்கிறேன், அருமையான பூ" என்றார். தமிழ் வளர்ந்தது அப்படித்தான்.

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரிக்க ஒரு ஆள் இருந்திருந்தால் சங்கதி அன்றோடு முடிந்திருக்கும். அம்மா வந்தாள், காலை வெந்நீரில் வைத்தாள், படுத்தாள். நான் சுவரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் சிரித்தேன். பிறகு அந்தப் பூவை நினைத்துப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து நாங்கள் வந்த நேரம், வாசலில் ஒரு ஆள் வாழையிலையில் சுற்றிய பெரிய நெய்மீனோடு நின்றார். பெயர் பனியடிமை. காரோடு பக்கத்துக் கடற்கரையில் மீன் பிடிப்பவர். அவர் தங்கை என் மாணவி, அவள் பரிசு வாங்குவதைப் பார்க்க ஆண்டு விழாவுக்கு வந்திருந்தார்.

"டீச்சரே, நமக்குப் பெண்ணு பிறந்திருக்கு."

"ரொம்ப சந்தோஷம்."

"எனக்க பேரு பனிமய மாதாவுக்கு நேர்ந்து வச்சது. அவளுக்க பேரு புஷ்பம். ரெண்டுக்கும் அர்த்தம் உண்டு. பிள்ளைக்கு மட்டும் ஷிஜி பிஜின்னு அர்த்தம் இல்லாத்த பேரு இடலாமா? அன்னைக்கு டீச்சரு அந்தப் பூவைச் சொன்னப்பம் எனக்கு மேலெல்லாம் ரோமம் கோரித்தரிச்சு போச்சு. அதையாக்கும் வைக்கப் போறோம். ஜோல்மா."

'அண்ணே, அது பொய்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயைத் திறந்தேன். அதே நேரத்தில் உள்ளே இன்னொன்று சொன்னது: உலகத்தில் இன்னொரு ஜோல்மா வரப் போகிறாள். அவளை அவள் வீட்டில் நாள் முழுக்க அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். குளிக்கக் கூப்பிடுவார்கள், சோறு தின்னக் கூப்பிடுவார்கள், அடிக்கக் கூப்பிடுவார்கள். அந்த ஆசையில் வாயை மூடிக்கொண்டேன். தனியாக இருப்பவர்களுக்கு வரும் ஆசைகள் இப்படித்தான், வெளியே சொன்னால் வைத்தியரிடம் கூட்டிப்போவார்கள்.

"ஞானஸ்நானத்துக்கு டீச்சரு வரணும். அம்மையும் வரணும். மைக்கில அந்தப் பாட்டுக்க காரியம் ஒண்ணு சொல்லித் தரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா மீனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பூவா?"

"ம்."

"கொள்ளாம். இனி அதுக்கு ஒரு வேரும் காயும் வச்சுக் குடு" என்று சொல்லிவிட்டு அரிவாள்மணையை எடுத்தாள். மீன்குழம்பு மட்டும் நன்றாக இருந்தது.

ஞானஸ்நானம் நடந்த அன்று அம்மா தன் கடையிலிருந்து எடுத்து வைத்திருந்த கசவுச் சேலையைக் கொடுத்தாள். வெள்ளையில் அகலமான பொன் கரை போட்டது. "மேடையில நிக்கப் போறவ நல்லா உடுத்துப் போகணும்" என்றாள். கடற்கரையில் அம்மாவும் நானும் இறங்கியதும் அந்த வீட்டுப் பெண்கள் என் தலையில் ஒரு முழம் மல்லிகை வைத்தார்கள். விருந்தினர் என்று கையில் ஒரு பூச்செண்டும் கொடுத்தார்கள். (எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவக் கல்யாணப் பெண் எப்படி இருப்பாள் என்று தெரியாதவர்கள் இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளவும்.)

மாதா கோயிலில் காரியம் முடிந்து, வீட்டு முன்னால் பந்தலில் விருந்து. பந்தல் முகப்பில் ஒரு ஃப்ளெக்ஸ். இங்கே காது குத்தினாலும் ஃப்ளெக்ஸ், கால் முறிந்து ஆசுபத்திரியிலிருந்து வந்தாலும் ஃப்ளெக்ஸ். இதை அடித்தவர் கல்யாணத்துக்கு வைத்திருந்த வடிவத்தையே எடுத்துவிட்டார். இரண்டு பக்கமும் புறா, சுற்றிலும் இதயம். நடுவில் ஆள் உயர எழுத்தில் தமிழிலும் மலையாளத்திலும் 'ஜோல்மா'. பக்கத்தில் அந்தப் பூ. பனியடிமை சொன்ன அடையாளங்களுக்கு எந்தப் பூவும் ஒத்துவராததால் கடைக்காரர் பாதித் தாமரையும் பாதி வெளிநாட்டுப் பூவுமாகச் சேர்த்து ஒன்றைச் செய்திருந்தார். பெயர் வைக்கும் அதே முறை. பிள்ளையின் படம் போட்டால் கண்ணுபடும் என்று புஷ்பம் தடுத்துவிட்டாள். கீழே சிறிய எழுத்தில் இருந்த 'ஞானஸ்நான விழா'வைப் பலூன் கட்டி மறைத்துவிட்டார்கள்.

அந்தி நேரம். என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். பட்டுச் சட்டை போட்ட பனியடிமை பக்கத்தில் நின்றுகொண்டார். "இந்தப் பூ ஒற்றையாகத்தான்" என்று நான் ஆரம்பித்ததும் கரண்ட் போனது. ஜெனரேட்டரைப் போட்டார்கள், அது இரண்டு தரம் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. "மேஸ்திரியை விளி, மேஸ்திரியை விளி" என்று பின்னால் சத்தம். நான் இருட்டில் பூச்செண்டோடு நின்றேன். பந்தலுக்குப் பின்னால் யாரோ வந்து டார்ச்சு அடித்து எதையோ தட்டினார்கள். சட்டென்று ஜெனரேட்டர் பிடித்தது. விளக்கெல்லாம் எரிந்தது, மைக் கீச்சென்றது, ஃப்ளெக்ஸின் மேல் இருந்த சீரியல் விளக்குகள் 'ஜோல்மா'வைச் சுற்றி ஓட ஆரம்பித்தன.

கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே மேஸ்திரி முன்பக்கம் வந்தார். என் அப்பா.

கடற்கரையில் அவரை ஜோஸ் மேஸ்திரி என்றுதான் தெரியும். குடும்பத்தைப் பற்றி யாரிடமும் வாய் திறந்தது கிடையாது. பனியடிமையின் படகு எஞ்சினையும் அவர்தான் பார்க்கிறார். நான் அவர் மகள் என்று பனியடிமைக்குத் தெரியாது. அன்று காலையிலிருந்து கடற்கரைக்கு அந்தப் பக்கம் வேலையாக இருந்தவரை அவசரத்துக்குக் கூட்டி வந்திருந்தார்கள். என்ன விசேஷம் என்று அவரும் கேட்கவில்லை.

அவர் ஃப்ளெக்ஸைப் பார்த்தார். தானே வைத்த பெயர், உலகத்தில் ஒரு ஆளுக்கு மட்டும் உள்ள பெயர், புறாவுக்கும் இதயத்துக்கும் நடுவில். பிறகு மேடையைப் பார்த்தார். கசவுச் சேலையில், தலையில் மல்லிகையும் கையில் செண்டுமாக மகள். பக்கத்தில் பட்டுச் சட்டையில் ஒரு ஆள். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அதில் ஒவ்வொன்றாக விழுந்து கடைசியில் கணக்கு முடிந்தது எனக்கே தெரிந்தது. "அப்பா, இல்ல" என்பதற்குள் மேடையில் ஏறிவிட்டார்.

"எலே பனியடிமை."

"அண்ணே, ஜெனரேட்டர் சரியாச்சா?"

"ஜெனரேட்டர் கிடக்கட்டு. உனக்கு வீட்டில ஒருத்தி உண்டல்லோலே. அவ பெற்றுக் கிடக்குத நேரத்தில எனக்க மோளைக் கெட்டுததுக்கு உனக்கு எப்பிடிலே மனசு வந்து?"

மைக் என் கையில், அவர் வாய்க்கு நேராக இருந்தது. கட்டுமரத்தில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

பந்தலில் தட்டுச் சத்தம் நின்றது. பிள்ளையை மடியில் வைத்திருந்த புஷ்பம் மெதுவாக எழுந்தாள். "ஆரு ஆரைக் கெட்டுதது?" என்றாள், கணவனைப் பார்த்து. பனியடிமை பெரிய அலையெல்லாம் பார்த்த மனிதர். ஆனால் அப்போது அவர் ஒரு அடி பின்னால் போய் என் பின்னால் நின்றுகொண்டார். அது காரியத்தை இன்னும் மோசமாக்கியது.

அப்பா கூட்டத்தைப் பார்த்தார். இரண்டாம் வரிசையில் கேக் தட்டோடு அம்மா.

"செல்மா, நீயும் இஞ்ச இருந்து கேக்கு தின்னுதியா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா? பிள்ளைக்க கல்யாணத்துக்குக் கரண்டு சரியாக்கவா என்னைய விளிச்சது? தகப்பன் செத்தா போனேன்?"

கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது. இந்தக் கதையை நான் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன், எல்லோரும் விழுந்து சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். இந்த இடத்தில் மட்டும் நான் எப்போதும் கொஞ்சம் வேகமாகச் சொல்லிப் போய்விடுவேன்.

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். "கல்யாணம் ஒண்ணும் இல்ல" என்றாள்.

வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்த என் அம்மா என் அப்பாவிடம் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். யாரோ போய்ப் பலூன்களை விலக்கினார்கள். 'ஞானஸ்நான விழா' வெளியே வந்தது. அப்பா அதை வாசித்தார். பிள்ளையைப் பார்த்தார். மறுபடியும் பெரிய எழுத்தைப் பார்த்தார்.

"அப்பம் எனக்க பிள்ளைக்க பேரை எதுக்கு எழுதி வச்சிருக்கு?"

பனியடிமைக்கு உயிர் வந்தது. "அண்ணே, அது பழைய பாட்டில உள்ள பூவுக்க பேராக்கும். டீச்சரு சொன்னாங்க. கடற்கரையில பூக்குமாம்."

"எந்தப் பூ? நான் இஞ்ச தானே இத்தன காலமும் கிடக்கேன். ஒரு பூவையும் கண்டதில்ல." மைக் இன்னும் அவர் வாய்க்கு நேராகவே இருந்தது. (அதைத் தாழ்த்த எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை விளங்கவில்லை.) "அது நானும் செல்மாவும் ஆக்கும். எனக்க ஜோ, அவளுக்க ல்மா. வேற ஒரு அர்த்தமும் அதுக்கு இல்ல."

புஷ்பம்தான் முதலில் பேசினாள். "நான் அப்பமே சொன்னேன், ஏஞ்சல்னு வைப்போம்னு."

பந்தல் முழுக்க என்னைப் பார்த்தது. மணலில் குழி தோண்டி இறங்கிவிடலாம் என்றால் சேலை புதுசு. பனியடிமை அம்மாவிடம் திரும்பினார். "உள்ளதா அக்கா? பூ இல்லியா?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை, அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்தாள். "பூ இல்ல" என்றாள். "ஆனா பேரு நல்ல பேருதான். பேருமேல ஒரு குற்றமும் இல்ல."

"கோயில்ல எழுதியாச்சு" என்றார் பனியடிமை, தன் மனைவியிடம். "இனி மாற்ற ஒக்காது. பிரியாணியை விளம்புங்க." கூட்டம் அதைத்தான் எதிர்பார்த்திருந்தது. அவமானத்தையும் பிரியாணியையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் எங்கள் பக்கத்து மனிதர்கள் பிரியாணியைத்தான் எடுப்பார்கள்.

அப்பா பந்தலுக்குள் உட்காரவில்லை. ஜெனரேட்டர் மறுபடியும் நின்றுவிடும் என்று சொல்லிப் பின்னால் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு போனேன். அந்த இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"நீ பூன்னா சொன்னே?" என்றார்.

"ம்."

"எப்பிடியிருக்கும்?"

சொன்னேன். ஒற்றையாகப் பூப்பதையும், மணம் இல்லாததையும், யாரும் பறிக்காததையும் கத்திச் சொன்னேன். கத்திச் சொல்லும்போது பொய் எவ்வளவு நிஜமாக இருந்தது என்று எனக்கே வெட்கமாகப் போயிற்று.

அவர் பிரியாணியை அளைந்துகொண்டே இருந்தார். "அது என்ன பூ மக்கா, பாவம்" என்றார். பிறகு, "நீ பிறந்தன்னைக்கு ஆசுபத்திரியில நாங்க ரெண்டுபேரும் இருந்து பேரு உண்டாக்கினோம். நான் செல்ஜோன்னு சொன்னேன். அவ, அது சைக்கிள் கம்பெனி பேரு மாதிரி இருக்குன்னு சிரிச்சா. நானும் சிரிச்சேன். சிரிப்பு நிக்கல்ல. நர்சு வந்து, பச்சப்பிள்ள உறங்குது, வெளிய போய்ச் சிரிங்கன்னு ஏசிட்டுப் போனா. அப்பிடி வச்ச பேராக்கும்."

அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததை நான் பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை. எம்.ஏ. தமிழில் படித்த எந்தப் பாட்டிலும் ஒரு பெண் பெயருக்கு இவ்வளவு நல்ல பொருள் இல்லை. அதை நான் அந்த ஆண்டு விழாவிலேயே சொல்லியிருக்கலாம், எனக்கு யாராவது சொல்லியிருந்தால்.

இதற்குப் பிறகு அவர்கள் சேர்ந்தார்களா என்று எல்லோரும் கேட்பார்கள். இல்லை. அம்மா பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போனாள். அப்பா அதே அறையில்தான் இருக்கிறார். கடற்கரையில் எனக்கு நடக்க இருந்த ஒரு கல்யாணத்தைத் தகப்பன் வந்து கலைத்துவிட்டார் என்று பாறசாலைக்கு ஒரு கதை வந்து சேர்ந்தது. அந்தக் கதையால் உண்மையாகவே இரண்டு வரன்கள் கலைந்தன. (மூன்றாவது வரனை நானே கலைத்தேன். அவர் என் பெயரின் பொருளைக் கேட்டார்.)

இப்போது அந்தப் பக்கம் 'ஜோல்மாப்பூ' என்பது ஒரு பேச்சு வழக்காகிவிட்டது. இல்லாத ஒன்றுக்கெல்லாம் அதுதான் பெயர். வலை வெறுமையாக வந்தால், "என்ன கிட்டிச்சு?" "ஜோல்மாப்பூ." பஸ் வராவிட்டால் ஜோல்மாப்பூ. படிக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திப் போன் பார்க்கும் பிள்ளைகளைப் புஷ்பம், "ஜோல்மாப்பூ பறிக்குதாங்க" என்பாள். இலக்கியத்துக்கு நான் செய்த ஒரே பங்களிப்பு இது, கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் புழக்கத்தில் இருக்கிறது.

அந்தக் குழந்தை இப்போது பெரிய வகுப்புக்கு வந்துவிட்டாள். வாயாடி. என்னை "பெரிய ஜோல்மா" என்றுதான் சொல்வாள். வருஷந்தோறும் அவள் பிறந்தநாளுக்கு என்னையும் அம்மாவையும் கூப்பிடுவார்கள், மேஸ்திரியையும் கூப்பிடுவார்கள். அம்மா பந்தலின் இந்தக் கோடியில் இருப்பாள், அப்பா அந்தக் கோடியில், ஜெனரேட்டர் பக்கம். பேசிக்கொள்ள மாட்டார்கள். 'கல்யாணம் ஒண்ணும் இல்ல' என்பதோடு பேச்சு நின்றது நின்றதுதான்.

போன தடவை அந்தப் பிள்ளை கேக் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவில் ஓடினாள். கால் தடுக்கி விழப்போனாள். அப்போது பந்தலின் இரண்டு கோடியிலிருந்தும் ஒரே நேரத்தில் இரண்டு குரல், "ஜோல்மா" என்று கூப்பிட்டது. ஒன்று அம்மா, ஒன்று அப்பா. நான் சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன், "என்ன?" என்றுகூடக் கேட்டேன்.

பிள்ளை விழவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கூப்பிட்டது என்னை இல்லை.